தன்மையும் படர்க்கையும்: பூபேன் கக்கரின் உருவ ஓவியங்கள்

1. முன்னுரை

2016-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தொடங்கி நவம்பர் 6-ஆம் நாள் முடிய, இலண்டன் மாநகரில் உள்ள டேட் மாடர்ன் கலைக்கூடத்தில், குசராத்து மாநிலத்து வடோதரா நகரில் வாழ்ந்து மறைந்த பூபேன் கக்கர் என்னும் ஓவியரின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. கிறிசு டெர்கான், நாதா இராசா ஆகிய இருவரும் அக்காட்சியை அமைத்தனர். 'எல்லாரையும் மகிழ்விக்க இயலாது' என்னும் பொருள்படும் பெயர் அக்காட்சிக்கு இடப்பெற்றிருந்தது. அப்பெயர் அவர் 1981-இல் தீட்டிய ஓவியம் ஒன்றின் பெயரேயாகும். ஏறத்தாழ நாற்பதாண்டுப் படைப்புகளை ஒருங்கே காணும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று. இலண்டனுக்குப் பின்னர் அக்காட்சி பெர்லின் நகருக்கும் சென்றது.

கணக்கர் ஒருவர் ஓவியரானது எங்ஙனம்? தம்மை மறைத்து வாழ்ந்தவர் தம்மை வெளிப்படுத்தும் நிலையை எய்தியது எங்ஙனம்? அக்காட்சியைக் குறித்து எழுதியோர் பலரும் இவ்விரு வினாக்களையே முன்வைத்தனர். அவர் வாழ்க்கையில் நேர்ந்த மாற்றத்தை முதலில் கூறி, ஓவியங்களை அம்மாற்றத்திற்குச் சான்றுகளாக நிரல்படுத்துவது அவர்கள் மேற்கொண்ட முறை. இம்முறை எளிது. ஆயினும் ஓவியம் வரலாற்றுக்குச் சான்றாவதோடு அமைந்துவிடின், அஃது ஓவியமாக நின்று செய்தது யாது என்னும் வினா எஞ்சி நிற்கும். இலக்கிய ஆராய்ச்சியிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. புலவரின் வாழ்க்கைச் செய்தியைக் கொண்டே பாட்டுக்குப் பொருள் காணப் புகுவோர் பாட்டின் யாப்பையும் அமைதியையும் மறந்துவிடுதல் நாம் அறிந்ததே.

ஆதலின் வேறொரு வழியில் இவ்வோவியங்களை நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும். தமிழிலக்கணம் இடத்தைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூன்றாகப் பகுக்கின்றது. இவற்றுள் 'தன்மை' என்னும் சொல் பேசுவோன் நிற்கும் இடத்தையும் குறிக்கும். ஒரு பொருளின் இயல்பையும் குறிக்கும். தான் எவன் என்பதும், தான் எங்கு நின்று பேசுகின்றான் என்பதும் ஒரே சொல்லால் சுட்டப்பெறுதல் எண்ணத்தக்கது. கக்கரின் ஓவியங்களில் ஓவியர் எவ்விடத்து நிற்கின்றார் என்று ஆராயின், அவர் தம் இயல்பை எவ்வாறு கண்டடைந்தார் என்பதும் விளங்கும். இஃது ஆய்வுக்குரிய கருவியேயன்றி, அவ்வோவியர் தமிழ் மரபை அறிந்து பின்பற்றினார் என்னும் கூற்றன்று.

2. ஓவியரின் வாழ்க்கை

பூபேன் கக்கர் 1934-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பட்டயக் கணக்காய்வாளராகத் தகுதி பெற்றார். மாலை நேரங்களில் சர் சே. சே. கலைப்பள்ளியில் ஓவியம் பயின்றார். 1958-இல் குலாம் முகம்மது சேக்கு என்னும் ஓவியரின் நட்பு வாய்த்தது. அவர் தூண்டுதலால் 1962-இல் வடோதராவுக்குச் சென்று, மகாராசா சாயாசிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் கலைத்திறனாய்வு பயின்றார். ஓவியப் பட்டம் பெற்றவர் அல்லர் அவர். தூரிகைப் பயிற்சியைத் தாமே முயன்று தேடிக்கொண்டவர். வடோதராவில் குடியேறிய பின்னரும் நெடுங்காலம் தொழிலகம் ஒன்றில் பகுதி நேரம் கணக்கெழுதியே வாழ்க்கை நடத்தினார். குசராத்தி மொழியில் சிறுகதைகளும் நாடகமும் எழுதிய இலக்கிய ஆசிரியர் என்பதும் அவரைப் பற்றி நாம் கருத வேண்டிய செய்தியாகும்.

1984-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1992-இல் செருமானிய நாட்டுக் காசல் நகரில் நிகழ்ந்த தொக்குமெந்தா என்னும் கலைப்பெருவிழாவில் அவர் ஓவியங்கள் இடம்பெற்றன. சல்மான் ருசுதி 1995-இல் வெளியிட்ட புதினம் ஒன்றில் வரும் கணக்கரான ஓவியர், இவரை உளங்கொண்டு படைக்கப்பட்டவர். அதே ஆண்டில் கக்கர் ருசுதியின் உருவை ஓவியமாகத் தீட்டினார். அவ்வோவியம் இலண்டன் தேசிய உருவ ஓவியக் கூடத்தில் உள்ளது. 2003-ஆம் ஆண்டு ஆகசுடு 8-ஆம் நாள் புற்றுநோயால் வடோதராவில் அவர் காலமானார்.

3. உருவ ஓவியம் என்னும் நிலைப்பாடு

கக்கர் தீட்டத் தொடங்கிய காலத்தில் இந்திய ஓவியருள் பலர் உருவத்தை நீக்கிய ஓவியத்தையே உயர்ந்ததாக எண்ணினர். வண்ணமும் கோடும் பரப்பும் தம்மளவில் பொருளுடையன. மனிதரையும் மரத்தையும் தீட்டுதல் பழைய நெறி என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்கு மாறாக, மனிதனை அவன் வாழும் இடத்தோடு தீட்ட வேண்டும் என்னும் எண்ணம் வடோதராவிலும் பம்பாயிலும் சிலரிடையே வளர்ந்தது. 1981-இல் பம்பாயிலும் புதுதில்லியிலும் 'மக்களுக்கோர் இடம்' என்னும் பொருள்படும் பெயரால் அறுவர் ஓவியக்காட்சி ஒன்று நிகழ்ந்தது. சோகேன் சௌதுரி, பூபேன் கக்கர், நளினி மாலனி, சுதீர் பட்வர்தன், குலாம் முகம்மது சேக்கு, விவான் சுந்தரம் ஆகியோர் அவ்வறுவர். கலைத்திறனாய்வாளர் கீதா கபூர் அதற்கு விரிவான கட்டுரை வரைந்தார்.

உருவ ஓவியம் என்பது கண்ணாற் கண்டதை அவ்வாறே படியெடுத்தல் அன்று. உருவத்தைத் தீட்டுவோன் மூன்று வினாக்களுக்கு விடை கூறியாக வேண்டும். எவரைத் தீட்டுவது? எங்கு நிறுத்துவது? பார்ப்போனுக்கும் அவ்வுருவுக்கும் இடையே என்ன உறவை அமைப்பது? உருவம் இல்லாத ஓவியத்தில் இம்மூன்றாம் வினா இத்துணைக் கூர்மையாக எழுவதில்லை. ஒரு முகம் நம்மை நோக்கும்பொழுதே நாம் நோக்கப்படுபவர் ஆகின்றோம். கக்கரின் வளர்ச்சி முழுவதும் இம்மூன்றாம் வினாவைச் சூழ்ந்தே அமைந்தது என்பது கீழ்வரும் பகுதிகளில் காட்டப்படும்.

4. படர்க்கை: கடையும் தொழிலும்

1965-இல் பம்பாய் சகாங்கீர் கலைக்கூடத்தில் கக்கர் தம் முதல் தனிக்காட்சியை நடத்தினார். கடைத்தெருவில் விற்கும் தெய்வப் படங்களை வெட்டி ஒட்டி, அவற்றின்மீது வண்ணம் தீற்றிய ஒட்டுப்படங்களே அக்காட்சியில் இருந்தன. இரவிவர்மாவின் அச்சகம் 1894-இல் தோன்றிய காலந்தொட்டு வீடுதோறும் பரவிய தெய்வப் படங்களையும், பிற்காலத்தில் சிவகாசி போன்ற ஊர்களிலிருந்து நாடெங்கும் சென்ற நாட்காட்டிப் படங்களையும் நாம் நன்கறிவோம். கற்றோர் இழிந்தவை என ஒதுக்கிய அப்படங்களைக் கக்கர் தம் கலைக்கு முதலாகக் கொண்டார். அவற்றில் ஓவியர் எவ்விடத்தும் தோன்றுவதில்லை.

1972-ஆம் ஆண்டை ஒட்டி அவர் தீட்டிய தொழிலாளர் ஓவியங்கள் புகழ்பெற்றவை. முடிதிருத்தும் கடை, தையற்கடை, கடிகாரம் பழுதுபார்க்கும் கடை ஆகியன அவற்றின் பொருள்கள். கடிகாரக் கடையைக் காட்டும் ஓவியத்தில் கடையின் பெயர்ப்பலகையே ஓவியத்தின் பெயராகவும் அமைகின்றது. கடைக்காரர் தம் தொழிலில் ஆழ்ந்துள்ளார். வண்ணங்கள் கடைப்பலகை எழுதுவோன் தீட்டியவை போல ஒளிர்கின்றன. நிழலும் ஆழமும் குறைந்து, பொருள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே எண்ணத்தக்கனவாய் நிற்கின்றன. கணக்கர் ஒருவர் இருப்பெடுத்தாற் போன்ற நேர்மை அவற்றில் உண்டு.

இத்தகைய ஓவியங்களுக்கு ஒரு முன்மரபு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ஆங்கிலக் கம்பெனி அலுவலருக்காக இந்திய ஓவியர்கள் தொழிலாளரையும் பல்வேறு வகுப்பினரையும் தொகுதி தொகுதியாக வரைந்தனர். தஞ்சாவூர் அவ்வகை ஓவியத்திற்குச் சிறந்த நிலைக்களனாக விளங்கியது. குயவர், நெசவாளர், பொற்கொல்லர் எனத் தொழிற்பெயரே அங்கு ஒருவரின் முழு அடையாளம். கக்கர் இக்கம்பெனி ஓவியங்களை விரும்பிக் கற்றவர். ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. கம்பெனி ஓவியர் வரைந்த தொழிலாளி அயலான் ஒருவனின் தொகுப்பில் ஓர் உறுப்பு. கக்கர் தீட்டிய கடைக்காரரோ அவருடைய தெருவில் வாழ்பவர். நாள்தோறும் அவரோடு பேசுபவர். அயன்மையோடு நோக்கிய ஒரு வடிவத்தை அண்மையோடு நோக்கும் வடிவமாக அவர் மாற்றினார்.

அண்மை உண்டெனினும் இவை படர்க்கை ஓவியங்களே. அவன், அவர் என்று சுட்டும் நிலையில் ஓவியர் நிற்கின்றார். 'நான்' என்பது இங்கில்லை. எனினும் அது முற்றும் இல்லாமற் போகவும் இல்லை. 1972-இல் வெளியிட்ட காட்சிக் குறிப்பேடு ஒன்றில் கக்கர் தம் ஒளிப்படங்களை வேடிக்கையாக அமைத்தார். திரைப்படத் துப்பறிவாளன் போலவும் விளம்பரத்தில் வரும் மனிதன் போலவும் வேடம் புனைந்து அவற்றில் தோன்றினார். 'நான்' என்று கூறப் புகுந்தபொழுதும் பிறன் வேடத்திலேயே அவர் அதனைக் கூறினார் என்க. தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகை இக்காலத்து ஓவியங்களில் மேலோங்குகின்றது. நகைக்கு எள்ளல் நிலைக்களன் எனப்படும். பிறரை எள்ளுதலும் உண்டு. தன்னையே எள்ளுதலும் உண்டு. கக்கருடையது பெரும்பாலும் பின்னதாகும்.

5. முன்னிலை: நேர்நோக்கும் முகம்

எழுபதுகளில் தீட்டிய 'நெகிழிப் பூங்கொத்து ஏந்திய மனிதன்' என்னும் ஓவியம் புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது. நடுவில் ஒரு மனிதன் பெரிய உருவில் நிற்கின்றான். கையில் நெகிழியாற் செய்த பூங்கொத்து. சுற்றிலும் சிறு சிறு கட்டங்களில் அன்றாட நிகழ்ச்சிகள். நடுவில் தெய்வத்தையும் சுற்றிலும் அத்தெய்வத்தின் வரலாற்று நிகழ்ச்சிகளையும் தீட்டும் வழிபாட்டு ஓவிய அமைப்பு இராசத்தானத்து நாததுவாரம் முதலிய இடங்களில் வழங்கி வருவது. கக்கர் அவ்வமைப்பைக் கொண்டு, தெய்வம் நின்ற இடத்தில் எளிய மனிதன் ஒருவனை நிறுத்தினார்.

இம்மாற்றம் வெறும் விளையாட்டு அன்று. வழிபாட்டு ஓவியத்தில் தெய்வம் அடியவனை நோக்கும். அந்நோக்கே அருள் எனப்படும். இங்கோ நேர்நோக்கும் முகத்தில் அருளும் இல்லை, வேண்டுகோளும் இல்லை. மலர்கள் வாடமாட்டா, ஏனெனில் அவை உயிருடையன அல்ல. ஒருவரைக் காண மலர் கொண்டு வந்தவன் எவரிடம் கொடுப்பது என்றறியாது நிற்கும் நிலை அது. முகம் நம்மை நோக்கி நிற்றலின் நாம் முன்னிலை ஆகின்றோம். கடை ஓவியங்களில் அயலே நின்று கண்டு மகிழ்ந்த நாம், இங்கு எதிரே நிறுத்தப்பெறுகின்றோம். அவ்வுருவம் ஓவியரேயோ அல்லரோ என்னும் வினாவுக்கு ஓவியத்தில் முடிந்த விடை இல்லை. தன்னை வெளிப்படையாகக் கூறாமலே தன்னை எதிர்ப்படுத்துதல் இந்நிலையின் சிறப்பாகும்.

1976-இலும் 1979-இலும் கக்கர் இங்கிலாந்து சென்றார். இரண்டாம் முறை பாத்து நகரக் கலைக்கல்லூரியில் ஆசிரியப் பணியும் ஆற்றினார். ஆவர்டு ஆட்சுகின் என்னும் ஆங்கில ஓவியர் அவருக்கு நண்பர். தன்பாலீர்ப்பு உடையோர் அந்நாட்டில் ஓரளவேனும் வெளிப்படையாக வாழ்தலை அவர் அங்குக் கண்டார். இங்கிலாந்திலும் இவ்விலக்கு 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே ஒரு பகுதி நீங்கியது என்பது நினைவுகூரத்தக்கது. இத்தாலி நாட்டுச் சியன்னா நகரத்துப் பதினான்காம் நூற்றாண்டு ஓவியங்களும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. வாழும் முறை ஒன்றும் தீட்டும் முறை ஒன்றுமாக இரண்டினையும் அவர் கொண்டு திரும்பினார் எனலாம்.

6. நாம்: மாடத்தில் நிற்கும் உருவம்

1981-இல் தீட்டிய 'எல்லாரையும் மகிழ்விக்க இயலாது' என்னும் ஓவியம் இவ்விரண்டன் கூட்டுறவால் பிறந்தது. டேட் கலைக்கூடம் 1996-இல் அதனை விலைக்குப் பெற்றது. ஏறத்தாழ 176 சென்டிமீட்டர் அளவுள்ள சதுரத் துணி அது. முன்னிடத்தில் மாடம் ஒன்று. அம்மாடத்தில் ஆளுயர உருவில் ஆடையற்ற மனிதன் ஒருவன் தன் பின்புறத்தை நமக்குக் காட்டி நிற்கின்றான். அவன் பார்வை கீழே ஊரின்மேல் செல்கின்றது. தந்தையும் மகனும் கழுதையும் அங்கே பல இடங்களில் தோன்றுகின்றனர்.

இக்கதையை நம் நாட்டுச் சிறுவரும் அறிவர். தந்தையும் மகனும் கழுதையை ஓட்டிச் செல்கின்றனர். ஏறிச் செல்லாதது மடமை என்கின்றனர் சிலர். மகன் ஏறினால் மூத்தோரை மதியாதவன் என்றும், தந்தை ஏறினால் இரக்கமற்றவன் என்றும், இருவரும் ஏறினால் கொடியவர் என்றும் பழிக்கின்றனர். இறுதியில் அவர்கள் கழுதையைச் சுமக்கத் தொடங்கி, அதனை இழக்கின்றனர். ஊரார் சொல்லுக்கெல்லாம் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்பவன் தன் உடைமையையே இழப்பான் என்பது கதையின் கருத்து.

ஒரே பரப்பில் ஒருவரையே பல முறை தீட்டிக் கதையை நிகழ்த்திக் காட்டுதல் பழைய முறையாகும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் உட்சுற்றுச் சுவரில் சுந்தரர் வரலாற்றைச் சோழர் கால ஓவியர் அவ்வாறே அமைத்தனர். திருமணத்தைத் தடுத்த வழக்கும், வெள்ளை யானைமேல் கயிலை செல்லுதலும் அங்கு ஒரு சுவரிலேயே காணப்பெறுகின்றன. சியன்னா ஓவியரும் இம்முறையைக் கையாண்டனர். கக்கர் இம்முறைக்குப் புதியதொரு பயனைச் சேர்த்தார். கதையைக் காண்பவனையும் அவர் ஓவியத்துள் நிறுத்தினார்.

அவன் திரும்பி நிற்பது ஏன்? முகத்தை மறைத்தற்காக என்று கூறுதல் எளிது. அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. அவன் எத்திசை நோக்கி நிற்கின்றானோ அத்திசை நோக்கியே நாமும் நிற்கின்றோம். அவன் கண்டதை அவன் தோளின் பின் நின்று நாமும் காண்கின்றோம். அவன் நம் எதிரே நிற்பவன் அல்லன். நம் வரிசையில் முதல்வன். உரையாசிரியர்கள் தன்மைப் பன்மையை விளக்குமிடத்து, முன்னிலையாரை உளப்படுத்துவனவும் படர்க்கையாரை உளப்படுத்துவனவும் என வேறுபாடு காட்டுவர். இவ்வோவியம் முன்னிலையாரை உளப்படுத்தும் 'நாம்' என்னும் நிலையில் பேசுகின்றது. ஊரார் பழிக்கு அஞ்சியவர், அந்த அச்சத்தைப் பார்ப்போரோடு பகிர்ந்துகொண்டு, அதனைக் கடந்து நிற்கின்றார். ஆடையின்மை இங்கு இன்பப் பொருளினும் மிகுதியாக, இனி வேடம் இல்லை என்பதனையே குறிக்கின்றது. பத்தாண்டுகளுக்கு முன்னர்த் துப்பறிவாளன் வேடம் புனைந்த அதே மனிதரின் நிலை இது என்பதனை ஒப்பிட்டுக் காண்க.

7. யாம்: காசியில் இருவர்

1982-இல் தீட்டிய 'காசியில் இருவர்' என்னும் ஓவியத்தில் இரண்டு ஆடவர் ஆடையின்றித் தழுவி நிற்கின்றனர். அவர்கள் ஒருபுறம் பெரிய உருவில் நிற்க, மறுபுறம் புண்ணிய நகரின் வாழ்க்கை சிறு சிறு உருவங்களில் விரிகின்றது. வழிபடுவோர், துறவியர், இரவலர் ஆகியோர் தத்தம் செயலில் ஈடுபட்டுள்ளனர். இருவரையும் எவரும் நோக்குவதில்லை. இருவரும் எவரையும் நோக்குவதில்லை.

இங்குப் பார்ப்போனுக்கு இடமில்லை என்பது கருதத்தக்கது. முந்தைய ஓவியம் நம்மை உடன் நிறுத்தியது. இவ்வோவியமோ நம்மை அப்புறப்படுத்துகின்றது. 'யாம்' என்பது கேட்போனை நீக்கிய பன்மையன்றோ? தம் உறவை ஏற்கும்படி இவ்விருவர் நம்மை வேண்டவில்லை. நம் ஒப்புதல் இன்றியே அவர்கள் நிற்கின்றனர். ஓவியத்தின் துணிவு ஆடையின்மையில் இல்லை. இவ்விட அமைப்பிலேயே உள்ளது என்பது என் கருத்து.

தூய்மைக்கும் வழிபாட்டுக்கும் உரிய நகரத்தில் இவ்வுறவைத் தீட்டுதல் பழிப்பதற்காகச் செய்யப்பட்டதா என்று வினவலாம். ஓவியம் அதற்கு இடந்தரவில்லை. வழிபடுவோர் எள்ளப்படவில்லை. வழிபாடும் வறுமையும் காதலும் ஒரே ஊரின் ஒரே வானத்தின் கீழ் நிகழ்வனவாகக் காட்டப்படுகின்றன. ஒன்றையொன்று மறுக்காத வாழ்க்கைகள் அவை.

1987-இல் 'யயாதி' என்னும் ஓவியத்தை அவர் தீட்டினார். சுக்கிரரின் சாபத்தால் மூப்படைந்த அரசன் தன் மகன் பூருவின் இளமையைப் பெற்று வாழ்ந்த பாரதக் கதை யாவரும் அறிந்தது. ஒருவர் மூப்பும் மற்றொருவர் இளமையும் மாறிக்கொள்ளும் அக்கதையை, மூத்தவர் ஒருவருக்கும் இளையவர் ஒருவருக்கும் இடையிலான அன்பின் கதையாக அவர் கொண்டார். பழங்கதையில் மாற்றம் சாபத்தால் நேர்கின்றது. கக்கரிடத்தில் மாற்றம் மற்றொருவரின் அண்மையால் நேர்கின்றது.

இவ்வோவியங்கள் தோன்றிய காலத்துச் சட்டநிலையை மறத்தல் கூடாது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு இத்தகைய உறவைக் குற்றமாக்கியிருந்தது. 2009-இல் தில்லி உயர்நீதிமன்றம் அப்பிரிவின் ஆட்சியைக் குறைத்தது. 2013-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், வயது வந்தோர் இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று என அதே நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் தீர்ப்பளித்தது. கக்கரின் வாழ்நாள் முழுவதும் இத்தடை நிலவியது. 2016-இல் இலண்டனில் பெருங்கூட்டம் கண்ட அவ்வுறவு, அவ்வாண்டில் அவர் பிறந்த நாட்டில் இன்னமும் குற்றமாகவே இருந்தது. ஆதலின் 'யாம்' என்று தூரிகையால் கூறுதல் அணிநலம் பற்றிய செய்தி மட்டும் அன்று. அதற்குக் கொடுக்கவேண்டிய விலை உண்டு. அவ்விலையை அறிந்தே அவர் கூறினார்.

8. யான்: நோயுற்ற உடம்பு

தொண்ணூறுகளின் இறுதியில் கக்கர் புற்றுநோய்க்கு ஆளானார். 1999-இல் தீட்டிய ஓர் ஓவியத்திற்கு, 'பொழுது முடிவில் இரும்புக் கட்டிகள் வெளிவந்தன' என்னும் பொருளில் பெயரிட்டார். உடம்பின் வேதனையை மழுப்பாமல் கூறும் பெயர் அது. 2001-இல் தீட்டிய 'வயிற்றில் பாய்ந்த குண்டு' என்பதும் இவ்வகையைச் சார்ந்தது. கடை ஓவியங்களில் பொருள்களின் எல்லைகள் தெளிவாக இருந்தன. இங்கு உடம்பின் எல்லையே சிதைகின்றது. உள்ளுறுப்பும் குருதியும் வெளிப்படுகின்றன.

மூப்பும் பிணியும் இளிவரலுக்கு நிலைக்களன்கள் என்று தொல்காப்பியம் கூறும். பிறர் இழிவாக எண்ணுவரோ என்னும் கூச்சமும் தன் நிலை கண்டு தான் இரங்குதலும் இளிவரலில் கலந்துள்ளன. கக்கரின் இறுதிக்கால ஓவியங்களில் இம்மெய்ப்பாடு மேலோங்குகின்றது. ஆயினும் நகை முற்றும் நீங்கவில்லை. இரும்புக் கட்டி என்னும் பெயரிலேயே ஒரு கசந்த நகைப்பு உண்டு. இளமையில் வேடம் புனைந்து தம்மை எள்ளியவர், இறுதியில் வேடத்திற்கு இடமில்லாத நோயிலும் அவ்வெள்ளலைக் கைவிடவில்லை.

இங்கு நாமும் இல்லை, யாமும் இல்லை. நோவு பகிர்தற்கரியது. 'யான்' என்னும் ஒருமை இவ்வோவியங்களிலேயே முதன்முதலாகத் தெளிவாக ஒலிக்கின்றது. தன்னைக் கண்டடைதல் என்பது மகிழ்ச்சியில் முடியும் பயணம் என்று எண்ணுவோர்க்கு இவ்விறுதி இடர் தரும். ஓவியர் அவ்விடரை மறைக்கவில்லை.

9. இரு தடைகளும் விடைகளும்

இதுகாறும் கூறியவற்றுக்கு இரு தடைகள் எழலாம்.

முதலாவது, காலமுறை இத்துணை ஒழுங்காக அமைந்ததா என்பது. அமையவில்லை என்பதே விடை. 1979-இல் தீட்டிய 'மதுக்கடையில் ஒரு மனிதன்' என்னும் ஓவியம் இங்கிலாந்தில் தனித்து வாழும் ஒருவனைக் காட்டுகின்றது. முன்னிலை ஓவியத்திற்குப் பின்னர்த் தோன்றியும் அது படர்க்கையே. பிற்காலத்திலும் பிறருடைய உருவங்களை அவர் விடாது தீட்டினார். ஆகவே இடங்கள் படிகள் அல்ல; ஓவியர் முன்னும் பின்னும் சென்று வந்த நிலைகள். புதியதோர் இடம் திறந்தபின் பழைய இடம் மூடப்பெறவில்லை என்று கொள்வதே பொருந்தும்.

இரண்டாவது, பெயரும் வாழ்க்கையும் அறியாதவன் இவ்வோவியங்களை உணர இயலுமா என்பது. நம் அகப்பாட்டு மரபு தலைமக்களின் பெயரைச் சுட்டுவதில்லை. பெயர் நீங்கியதனாலேயே அவ்வுணர்வு யாவர்க்கும் உரியதாகின்றது. கக்கரின் மாடத்து மனிதனுக்கும் முகமில்லை. காசியின் இருவர்க்கும் பெயரில்லை. வாழ்க்கைச் செய்தி அறிந்தால் உணர்ச்சி கூர்மை பெறும். அறியாவிடினும் நிற்கும் இடத்தின் பொருள் புலனாகும். எனவே வரலாறு வேண்டாதது அன்று. அது வாயிலே, வீடு அன்று.

2016-ஆம் ஆண்டுக் காட்சியைப் பற்றியும் ஒருமித்த கருத்து எழவில்லை. இலண்டன் நாளிதழ் ஒன்றின் திறனாய்வாளர் கக்கரைத் திறமை குறைந்த ஓவியர் எனக் கடுமையாகப் பழித்தார். கலையுலகினர் பலர் அதனை மறுத்தெழுதினர். கோடு செவ்விதாக இல்லை, உடம்பின் அளவு பிழைபட்டுள்ளது என்பன அவர்மேல் வழக்கமாகச் சுமத்தப்பெறும் குற்றங்கள். அவை குற்றங்கள் அல்ல என்று மறுப்பதனினும், அவற்றால் விளைந்தது யாது என்று காண்பதே தக்கது. அளவு பிறழாத உடம்பைத் தீட்டியிருந்தால் கூச்சத்தோடு நிற்கும் மனிதனை அவரால் காட்டியிருக்க இயலாது. காட்சியின் பெயர் அத்திறனாய்வாளர்க்கும் விடையாக அமைந்தது.

10. முடிவுரை

கடைத்தெரு மனிதரைப் படர்க்கையில் சுட்டி, பூங்கொத்து ஏந்தியவனை முன்னிலையில் நிறுத்தி, மாடத்தில் 'நாம்' என்று பார்ப்போரைச் சேர்த்து, காசியில் 'யாம்' என்று விலகி, நோயில் 'யான்' என்று தனித்த ஓர் ஓவியரின் நெறி இதுகாறும் ஆராயப்பெற்றது. தன்னியல்பு என்பது உள்ளே முன்னரே முடிந்து கிடந்து, ஒரு நாள் திரையை விலக்கியதும் தோன்றும் பொருள் அன்று என்பது இவ்வாய்வால் பெறப்படும். பிறரோடு எவ்விடத்து நிற்பது என்று மீண்டும் மீண்டும் முயன்று பார்த்தலினாலேயே அஃது உருவாகின்றது. படர்க்கையைக் கூர்ந்து தீட்டக் கற்றவர்க்கே தன்மை கைவந்தது என்பதும் ஈண்டு உளங்கொள்ளத்தக்கது.

இக்கால ஓவியத்தைத் தமிழில் ஆராய்வதற்குச் சொற்கள் போதா என்று கருதுவோர் உளர். இடம், மெய்ப்பாடு, உளப்பாடு முதலிய சொற்கள் மொழிக்கும் பாட்டுக்கும் வகுக்கப்பெற்றனவேயாயினும், உருவ ஓவியத்தையும் விளக்க வல்லன. முதுகலை மாணவர் இவற்றைப் பிற ஓவியரிடத்தும் பொருத்தி ஆராய்வாராக. பொருந்துமிடமும் பொருந்தாவிடமும் தெளிவுறுமாயின், இரு கலைகளின் இயல்பும் மேலும் விளங்கும்.